ஆற்றுத்துறையில் குதிரை: வேட்டைச் சவாரிக்கான நீர்ப்பயிற்சி

தண்ணீருக்கு அடியில் உள்ள தரை குதிரையின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மேற்பரப்பில் வானமும் மரநிழலும் அசைகின்றன; அதற்குக் கீழே ஒரு சாண் ஆழமா ஓர் ஆள் ஆழமா, கூழாங்கல்லா உளைச்சேறா என்று அறிய அதற்கு வழியில்லை. ஓடித் தப்பியே வாழ்ந்துவந்த விலங்கு அது. கால் சிக்கிக்கொண்டால் உயிர் போய்விடும் என்ற அச்சம் அதன் பிறப்போடு வந்தது. ஓடைக்கரையில் குதிரை நின்றுவிட்டால் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்கிற சவாரிக்காரர் முதல் அடியிலேயே தவறிவிடுகிறார். காலை வைத்தால் தரை தாங்குமா என்பதுதான் குதிரையின் கவலை. தாங்கும் என்று திரும்பத் திரும்ப மெய்ப்பித்துக் காட்டுவதே நீர்ப்பயிற்சி. பயிற்சிக் காலத்தில் ஒரே ஒருமுறை சேற்றில் வயிறுவரை அமிழ நேர்ந்தாலும் பல வாரங்களில் சேர்த்த நம்பிக்கை கரைந்துவிடும். ஆகவே எந்த முறையில் பழக்குவது என்பதைவிட எந்த இடத்தில் பழக்குவது என்பதே முதலில் முடிவாக வேண்டும்.

குதிரையின் கண்ணமைப்பும் இந்தத் தயக்கத்தைக் கூட்டுகிறது. கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால் ஏறத்தாழ 350 பாகை சுற்றளவு அதற்குத் தெரியும். ஆனால் இரு கண்களாலும் சேர்ந்து பார்த்துத் தொலைவையும் ஆழத்தையும் மதிப்பிடக்கூடிய பகுதி முன்பக்கத்தில் குறுகலானது. நெற்றிக்கு நேர் முன்னும் மூக்குக்கு நேர் கீழும் உள்ளது தெரியவே தெரியாது. கடிவாளத்தை இறுக்கித் தலையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடைக்குள் செலுத்தப்படும் குதிரை, தான் எங்கே கால் வைக்கிறோம் என்று அறியாமலே வைக்கிறது. வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழையும்போது அதன் கண் பழகிக்கொள்ள மனிதக் கண்ணைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். வெட்டவெளி மேட்டிலிருந்து மரமடர்ந்த ஆற்றுப்பள்ளத்துக்குள் இறங்குமிடத்தில் நல்ல குதிரையும் தயங்குவதற்கு இது ஒரு காரணம். அங்கே அரை நிமிடம் நிறுத்தி, தலையைத் தாழ்த்தக் கடிவாளத்தைத் தளர்த்திக் கொடுத்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

நாய்களைப் பின்தொடர்ந்து செல்லும் வேட்டைச் சவாரியில் நீரைக் கடக்கும் திறன் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்குத் தென்மேற்கு இங்கிலாந்தின் எக்ஸ்மூர் நல்ல எடுத்துக்காட்டு. சாமர்செட், டெவன் ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்துள்ள இந்த மேட்டுநிலத்தின் ஈரக்கரிமண்ணில் ஊறும் நீர் எக்ஸ், பார்ல் ஆறுகளாகத் தெற்கேயும், கிழக்கு லின், மேற்கு லின் ஆறுகளாக வடக்கே கடலுக்கும் இறங்குகிறது. 1855இல் அமைந்த டெவன் அண்ட் சாமர்செட் ஸ்டாக்ஹவுண்ட்ஸ் என்ற மான்வேட்டைக் குழுவின் களம் இதுதான். துரத்தப்படும் சிவப்பு மான் தன் மோப்பத்தை அழிக்க ஆற்றில் இறங்கி நீரோட்டத்தோடு நெடுந்தூரம் போகும் இயல்புடையது. அது எந்தக் கரையில் ஏறியது என்று கண்டுபிடிக்க நாய்கள் இரு கரைகளிலும் பிரிந்து தேட, சவாரிக்காரர்களும் இக்கரைக்கும் அக்கரைக்குமாக மாறிக்கொண்டே இருந்தார்கள். 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வந்தபின், இங்கிலாந்திலும் வேல்சிலும் காட்டுப் பாலூட்டிகளை நாய்களைக் கொண்டு வேட்டையாடுவது தடைசெய்யப்பட்டது. அதன்பின் குழுக்கள் பெரும்பாலும் முன்கூட்டியே இழுத்து வைத்த மோப்பத் தடத்தைப் பின்தொடரும் சவாரிகளையே நடத்தின. துரத்தும் பொருள் மாறினாலும் நிலமும் நீரும் மாறவில்லை. குதிரையிடம் எதிர்பார்க்கப்படும் வேலையும் அப்படியேதான் இருக்கிறது.

வேட்டைப் பருவத்தின் பெரும்பகுதி நவம்பர் முதல் மார்ச் வரை. அப்போது ஆறுகள் நிறைந்து, கலங்கி, கடுங்குளிராக ஓடும். அந்த நீரில் புதுக்குதிரையைப் பழக்கத் தொடங்குவது பேதைமை. மே முதல் ஆகஸ்ட் வரையிலான கோடைதான் பயிற்சிக்காலம். நீர் தாழ்ந்து தெளிந்திருக்கும். கூடவே நீரில் நடப்பவருக்கும் கால் விறைக்காது.

இடம் தேர்தல்

பெரும்பாலோர் சிறிய ஓடையில் தொடங்கி, பிறகு பெரிய ஆற்றுக்குப் போகலாம் என்று எண்ணுகிறார்கள். இது தலைகீழான வரிசை. ஒரு கஜ அகல ஓடையைக் கண்டதும் குதிரைக்குத் தோன்றும் எளிய வழி தாண்டிவிடுவது. ஒருமுறை தாண்டி அது பலித்துவிட்டால், அடுத்தடுத்த ஓடைகளையும் தாண்டவே பார்க்கும். நின்ற இடத்திலிருந்து செங்குத்தாக எழும்பும் அந்தத் தாவலில் சவாரிக்காரர் பின்னுக்குச் சாய்ந்து கடிவாளத்தைச் சுண்டி இழுத்துவிடுவார். வாயில் வலிவாங்கிய குதிரை நீரையும் வலியையும் சேர்த்தே நினைவில் வைக்கும். அகன்ற நீர்ப்பரப்பில் இந்தச் சிக்கலே எழாது. எட்டுப் பத்து மீட்டர் அகலத்தைத் தாண்ட முடியாது என்று குதிரைக்கே தெரியும். அங்கே நடந்து போவது ஒன்றுதான் வழி.

எனவே பயிற்சிக்கான துறை அகலமாக, கணுக்காலளவே ஆழமாக, அடியில் கூழாங்கல்லோ கெட்டிச் சரளையோ கொண்டதாக இருக்க வேண்டும். நீர் மெல்ல ஓடவேண்டும். இரு கரைகளும் சரிவாக, வண்டி இறங்கும் அளவுக்குச் சீராக இருப்பது அவசியம். பாறைத்தட்டு வழுக்கும், மணலிலும் வண்டலிலும் கால் புதையும். பார்ல் ஆற்றில் டார் ஸ்டெப்ஸ் என்ற பழைய கற்பலகைப் பாலத்தின் அருகே இருப்பது போன்ற, தலைமுறை தலைமுறையாகக் கால்நடைகளும் வண்டிகளும் கடந்து கெட்டிப்பட்ட துறைகள் இதற்கு ஏற்றவை. குதிரையை அழைத்துச் செல்வதற்கு முன்பாக, முழங்கால்வரை வரும் ரப்பர் காலணி அணிந்து பயிற்சியாளர் ஒருமுறை துறையை நடந்தே கடந்து பார்க்க வேண்டும். கையில் தடி கொண்டு இரு பக்கமும் குத்திப் பார்ப்பது நல்லது. இந்த ஒரு வேலையைச் சோம்பலால் விட்டுவிடக்கூடாது. சென்ற ஆண்டு கெட்டியாக இருந்த துறையில் இவ்வாண்டு வெள்ளம் பள்ளம் பறித்திருக்கலாம்.

செயற்கை நீர்க்குட்டைகள் உள்ள பயிற்சித் திடல் அருகில் இருந்தால் அதுவும் உதவும். குதிரையேற்றப் போட்டித் தடங்களில் நீர்த்தடையின் ஆழம் 35 சென்டிமீட்டருக்கு மிகக்கூடாது என்பது உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதி. அடித்தளமும் கெட்டியாக அமைக்கப்பட்டிருக்கும். ஆனால் அங்கே நீரோட்டம் இல்லை. குட்டையில் தேர்ந்த குதிரை ஆற்றில் இறங்கியதும் காலைச் சுற்றி நகரும் நீரைக் கண்டு மீண்டும் திகைக்கும் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

லாயத்திலிருந்து துறைக்கு

முதல் பாடங்கள் லாய முற்றத்திலேயே நடக்கும். ரப்பர் குழாயிலிருந்து மெல்லிய நீரைக் குளம்பின்மேல் விட்டு, குதிரை காலை அசைக்காமல் நின்ற கணத்தில் நீரை அப்புறம் திருப்ப வேண்டும். நாளாக ஆக முழங்கால்வரை உயர்த்தலாம். தரையில் தார்ப்பாய் விரித்து அதன்மேல் நடத்துவது, பின் அதில் கொஞ்சம் நீர் தேக்கி நடத்துவது, மழைக்குப் பின் பாதையில் கிடக்கும் குட்டைகளைச் சுற்றிப் போகாமல் குறுக்கே நடத்துவது என்று இது வளரும். குட்டை ஓரமாக விலகிப்போகும் குதிரையைப் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். இரு பக்கமும் வேலியுள்ள குறுகிய பாதையில் நீர் தேங்கிய இடத்தைத் தேர்ந்தால் அதற்கு விலக இடமிராது, சண்டையும் தேவைப்படாது.

துறைக்கு முதல்முறை செல்லும்போது சவாரி செய்யாமல் கையில் பிடித்துச் செல்வதே நல்லது. தலைக்கவசம், கையுறை, வழுக்காத காலணி ஆகியவை பிடிப்பவருக்கு வேண்டும். மூன்று நான்கு மீட்டர் நீளக் கயிறு போதும். அதை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளக்கூடாது. நிற்கும் இடம் குதிரையின் தோளுக்குப் பக்கத்தில், ஒரு கை தள்ளி. முன்னால் நின்று இழுப்பவர் மீதுதான் அது தாவி இறங்கும். 500, 600 கிலோ எடை மேலே விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. தண்ணீருக்குப் பழகிய, நிதானமான மூத்த குதிரை ஒன்று கூட இருந்து, சற்று முன்னே நீரில் இறங்கி நிற்குமானால் வேலை பாதியாகக் குறையும்.

நீர்விளிம்பில் நடப்பதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். குதிரை நிற்கும்; காதுகள் முன்னே குவியும்; நாசி விரிந்து ஒரு சீறல் வரும். எடை முழுவதும் பின்னங்கால்களுக்குப் போயிருக்கும். இப்போது கயிற்றைப் பின்னே இழுக்காமல், முன்னே மெல்லிய, மாறாத இழுப்பு ஒன்றை மட்டும் வைத்திருக்க வேண்டும். சிறிது நேரத்தில் தலை தாழும், மூக்கு நீரைத் தொடும், சில சமயம் உதட்டால் அளைந்து பார்க்கும். பிறகு ஒரு முன்னங்கால் தரையிலிருந்து அரை அங்குலம் எழும். அந்தக் கணத்தில் இழுப்பு அற்றுப்போக வேண்டும். கால் மீண்டும் அதே இடத்தில் விழுந்தாலும் பரவாயில்லை. முன்னேற முயன்றதற்கு விடுதலை கிடைத்தது என்பதை அது கற்றுக்கொண்டது. இரண்டு விநாடி தாமதித்துத் தளர்த்தினால் குதிரை எதற்காக விடுதலை கிடைத்தது என்று இணைத்துப் பார்க்காது. சாட்டை இந்த இடத்தில் கெடுதலே செய்யும். நீருக்கு முன்னால் அடிவாங்கும் குதிரைக்கு இரண்டு அச்சங்கள் சேர்ந்துவிடுகின்றன. அவற்றுள் அடியைப் பற்றியது மட்டுமே உண்மையானது என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது.

ஓரடி பின்வாங்கினால் விடலாம். முகம் மட்டும் நீரைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். சுழன்று திரும்பிக் கரையை விட்டுப் போக அனுமதித்தால், திரும்பிப் போவதும் ஒரு வழி என்று பாடமாகிவிடும். அன்றைய வேலை இரண்டு கால்களும் நனைந்ததோடு முடிந்தாலும் அது நல்ல நாள்தான். நான்கு கால்களும் நீரில் நின்றதும் உடனே அக்கரைக்கு விரட்டாமல் அங்கேயே நிற்கவிட்டு, கழுத்தைத் தடவி, மூச்சு சீராகும்வரை காத்திருக்க வேண்டும். பல பயிற்சியாளர்கள் கடந்து முடிப்பதையே இலக்காக வைக்கிறார்கள். நீரில் அமைதியாக நிற்பதுதான் உண்மையான இலக்கு. நிற்கத் தெரிந்த குதிரை கடந்துவிடும். கடக்க மட்டும் தெரிந்தது பயத்தோடு ஓடிக் கடக்கிறது.

சவாரியில்

கையில் பிடித்து எளிதாகக் கடந்தபின் சேணத்தில் ஏறி அதே துறையில் அதே வரிசையைத் திரும்பச் செய்ய வேண்டும். கழுத்தைச் சுற்றி ஒரு வார் இருப்பது பெரும் பாதுகாப்பு. குதிரை எதிர்பாராமல் தாவினால் அந்த வாரைப் பிடித்துக்கொள்ளலாம், வாய் தப்பிக்கும். மார்ட்டிங்கேல் எனப்படும் தலைக்கட்டுப்பாட்டு வார் வகைகளில், தலையை உயர்த்தவிடாமல் மூக்குப்பட்டையோடு நிலையாகக் கட்டப்படுவதை நீர்ச்சவாரியில் பூட்டவே கூடாது. ஆழத்தில் தவறி இறங்கிவிட்ட குதிரை தலையைத் தூக்க முடியாமல் மூழ்கிப்போகும். கால்களில் சுற்றும் துணிக்கட்டுகளும் நனைந்தால் இறுகவோ அவிழவோ செய்யும்; அவற்றை விட்டுவிடலாம்.

கரைச்சரிவில் நேராக இறங்க வேண்டும். குறுக்காக இறங்கினால் பின்னங்கால்கள் வழுக்கிக் குதிரை பக்கவாட்டில் சாயும். நேராக இறங்கும்போது வழுக்கினாலும் அது பின்புறத்தை மடக்கி உட்கார்ந்தாற்போலச் சறுக்கித் தன்னைத் தானே நிலைப்படுத்திக்கொள்ளும். இறங்கும்போது சவாரிக்காரர் உடலை நிமிர்த்தி, குதிகாலைத் தாழ்த்தி, கடிவாளத்தில் நீளம் கொடுப்பார். ஏறும்போது முன்னே சாய்ந்து பிடரிமயிரைப் பற்றுவார். பார்வை அக்கரையில் ஒரு மரத்திலோ கல்லிலோ நிலைத்திருக்க வேண்டும். ஓடும் நீரையே பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றும். தம்மை அறியாமல் உடல் ஒரு பக்கம் சாயும். குதிரையும் அந்தப் பக்கம் விலகும்.

நீரில் எப்போதும் நடைதான். அடி கெட்டியென்று உறுதியாகத் தெரிந்த கணுக்காலளவு நீரில் டிராட் எனும் துள்ளுநடையில் போகலாம். பாய்ச்சலில் போகும் குதிரையின் கால்களை நீர் திடீரெனப் பிடித்து நிறுத்தும். உடல் முன்னே போய்விடும். எழும்பித் தெறிக்கும் நீர் கண்ணையும் மறைக்கும். நாடகத்தனமான நீர்த்தெறிப்போடு பாயும் குதிரைப் படங்களைப் பார்த்து யாரும் ஆசைப்படக் கூடாது.

நடுவில் நின்று குதிரை முன்னங்காலால் நீரை அறையத் தொடங்கினால் அது விளையாட்டென்று ரசித்திருப்பவர் நனைவார். பெரும்பாலும் அடுத்து நடப்பது முழங்கால் மடிந்து படுத்துப் புரள்வதுதான். முதல் அறையிலேயே தலையை உயர்த்தி, கால் அழுத்தம் கொடுத்து முன்னே நகர்த்திவிட வேண்டும். இதற்கு நேர்மாறான குறை, கடைசி இரண்டு மூன்று அடிகளைத் தாவிக் கரையேறி ஓடுவது. அக்கரை சேர்வதற்கு முன்பே இருமுறை மும்முறை நிறுத்தி, ஒருமுறை நடுவிலிருந்தே திருப்பி இக்கரைக்கு வந்து, நீரை விட்டு வெளியேறுவதை ஒரு பெரிய நிகழ்ச்சியாக்காமல் செய்தால் இது சில நாட்களில் அடங்கும்.

அகன்ற துறையில் இவை எல்லாம் கைவந்தபின்தான் குறுகிய ஓடை. அதற்குள் நீரில் நடப்பதென்றால் என்ன என்று குதிரைக்குப் பழகியிருக்கும். முதலில் மூத்த குதிரையின் பின்னால் ஒரு குதிரை நீள இடைவெளியில், பிறகு அதன் பக்கத்தில், பிறகு அதற்கு முன்னால், கடைசியாகத் துணை எதுவுமின்றித் தனியாக. இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டுப் பயிற்சி முடிந்தது என்று சொல்லிக்கொள்பவர்கள் அதிகம். கூட்டத்தின் பின்னால் மட்டும் கடக்கும் குதிரை, வேட்டைநாளில் கூட்டம் முன்னே போய்விட்டால் கரையில் நின்று கனைக்கும்.

நீரைப் படித்தல்

குதிரையை எவ்வளவு நன்றாகப் பழக்கினாலும், எங்கே இறங்குவது என்று முடிவுசெய்வது சவாரிக்காரரின் பொறுப்பு. சலசலத்துச் சிற்றலை எழும்பும் அகலமான இடம் பொதுவாக ஆழம் குறைந்தது. அசைவற்றுக் கறுத்துக் கிடப்பது மடு. வளைவின் வெளிக்கரையை நீர் அரித்துக்கொண்டே போவதால் அங்கே ஆழமும் இழுப்பும் மிகுதி. உட்கரையில் மணலும் சரளையும் படிந்து திட்டாகியிருக்கும். இரு கரைகளிலும் கால்நடைத் தடம் தெரிந்தால் அது நம்பத்தக்க துறை. இறங்குவது எளிதாகவும் ஏறுவது கடினமாகவும் உள்ள இடங்களே மிகவும் ஆபத்தானவை. ஆகவே அக்கரையில் ஏறும் இடத்தைப் பார்த்து முடிவுசெய்யாமல் இக்கரையில் இறங்கக் கூடாது. அந்த இடத்துக்குக் கீழே நீரோட்டத்தில் விழுந்த மரமோ முள்வேலியோ குறுக்கே கிடந்தால் வேறு துறை தேட வேண்டும். அடித்துச் செல்லப்படும் குதிரையும் ஆளும் அதில்தான் போய்ச் சிக்குவார்கள்.

நீரின் விசையைக் கண்ணால் மதிப்பிடுவதில் மனிதர் எளிதில் ஏமாறுகிறார்கள். ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆழம் கூடக்கூட இன்னொன்றும் நிகழ்கிறது. குதிரையின் முழங்கால்வரை உள்ள நீர் கால்களுக்கு இடையே புகுந்து போய்விடும். வயிற்றைத் தொட்டதும் உடல் முழுவதும் அணைபோல அதை எதிர்கொள்கிறது. அதே வேளையில் நீரின் மிதப்பு குதிரையின் எடையைத் தாங்கத் தொடங்குவதால் குளம்புகளின் பிடி தளர்கிறது. தள்ளுவது கூடி, பிடிப்பு குறையும் இந்த இடத்தை எல்லையாகக் கொள்வது அறிவுடைமை. வேகமாக ஓடும் நீர் வயிற்றைத் தொடும் என்றால் இறங்க வேண்டாம். அதற்குக் குறைவான ஆழத்திலும் ஓட்டம் உணரப்பட்டால் குதிரையின் தலையைச் சற்றே நீர்வரத்துத் திசைக்குத் திருப்பி, சாய்வாகக் கடந்தால் தள்ளப்பட்டாலும் குறித்த இடத்தில் ஏற முடியும்.

எக்ஸ்மூர் போன்ற மேட்டுநிலங்களில் நீர்மட்டம் மணிக்கணக்கில் மாறும். 1952 ஆகஸ்ட் 15 இரவில், ஏற்கெனவே நனைந்து நிறைந்திருந்த அந்த மேட்டில் பெய்த பெருமழை லின் ஆறுகளில் இறங்கி லின்மத் ஊரை அழித்தது. 34 பேர் இறந்தார்கள். வேட்டைநாளில் அந்த அளவு நேராவிட்டாலும், காலையில் முழங்கால் நனைத்த துறை பிற்பகலில் வயிறுவரை வந்திருப்பது அங்கே வழக்கமானதுதான். நீர் பழுப்பேறிக் கலங்கினாலோ, சருகும் குச்சிகளும் மிதந்து வந்தாலோ, அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டாலோ ஆறு ஏறுகிறது என்று பொருள். போன வழியே திரும்ப முடியும் என்று எண்ணாமல், பாலம் எங்கே இருக்கிறது என்பதைப் புறப்படும் முன்பே அறிந்து வைத்திருக்க வேண்டும்.

வேட்டைச் சவாரியில் நீந்தியே கடக்க வேண்டிய ஆறு என்று ஒன்றும் கிடையாது. ஆயினும் தவறி மடுவில் இறங்கிவிட்டால் செய்ய வேண்டியது தெரிந்திருக்க வேண்டும். குதிரைக்கு நீந்தக் கற்றுத்தரத் தேவையில்லை. அதற்குத் தேவை தலையை நீட்டிக்கொள்ள இடம் மட்டுமே. கால்களை அங்கவடியிலிருந்து விடுவித்து, முன்னே சாய்ந்து, பிடரிமயிரைப் பற்றி, கடிவாளத்தை முற்றிலும் தளர்த்திவிட வேண்டும். நீந்தும் குதிரையின் கடிவாளத்தைப் பின்னே இழுத்தால் அது மல்லாந்துவிடக்கூடும். திசை காட்ட ஒரு பக்கக் கடிவாளத்தை மெல்ல விலக்கிப் பிடித்தால் போதும். சேணத்திலிருந்து நழுவிவிட்டால் பிடரியையோ வாலையோ பற்றிக்கொண்டு, உதைக்கும் கால்களுக்கு எட்டாமல் விலகி மிதக்க வேண்டும். பின்னங்கால்கள் தரையைத் தொட்டதும் குதிரை ஒரு பெரிய உந்தலோடு எழும். பிடி நழுவுவது பெரும்பாலும் அப்போதுதான்.

உளைநிலம்

ஆற்றைவிட அதிகமாகக் குதிரைகளை வீழ்த்துவது உளை. எக்ஸ்மூரின் மேற்குப் பகுதியில் செயின்ஸ் என்ற மேட்டில் ஈரக்கரிமண் ஆழமாகப் படிந்து கிடக்கிறது. ஹெதர் புதர் அடர்ந்த இடம் பொதுவாகக் கால் தாங்கும். வெண்பஞ்சுபோலப் பூக்கும் கோரையும், கண்ணைப் பறிக்கும் பச்சைப் பாசியும் கண்டால் ஒதுங்க வேண்டும். பசுமை பளிச்சென்று இருக்குமளவுக்கு அடியில் நீர் இருக்கிறது.

இதே படிப்பு நீலகிரியிலும் தேவைப்பட்டது. ஊட்டியை அடுத்த வென்லாக் டவுன்ஸ் புல்மேடுகளில் ஆங்கிலேயர் காலத்தில் ஊட்டி ஹன்ட் குழு நரிக்குப் பதிலாகக் குள்ளநரியைத் துரத்திச் சவாரி செய்தது. 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரைத் தாங்கிய அந்த மேடுகள், மேலிருந்து பார்க்கத் தடையேதுமற்ற பாய்ச்சல் வெளியாகத் தோன்றும். ஆனால் இரு மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் நீர் தேங்கிச் சதுப்பாகியிருக்கும். சரிவில் வேகமெடுத்து இறங்கும் குதிரைக்கு அடிப்பள்ளத்தில்தான் ஆபத்து காத்திருக்கும். பள்ளத்தை நெருங்கும்போது நடைக்குக் குறைத்து, மாடு கடக்கும் தடத்தைத் தேடிக் கடப்பதே அத்தகைய நிலத்துக்கு ஏற்ற முறை.

உளையில் குதிரை சிக்கினால் சவாரிக்காரர் உடனே இறங்கி எடையைக் குறைக்க வேண்டும். மூன்று நான்கு முறை திமிறிவிட்டுக் குதிரை அசையாமல் கிடக்கும், அது களைப்பு. அப்போது விரட்டாமல் மூச்சு வாங்கவிட்டு, சேணவாரைத் தளர்த்தி, தலை சேற்றில் சாயாமல் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். சற்று இளைப்பாறியபின் வந்த வழிக்கே முகத்தைத் திருப்பி ஊக்கினால் பல குதிரைகள் தாமே வெளியேறிவிடும், ஏனெனில் பின்னால் கெட்டித்தரை அருகில் இருக்கிறது. கழுத்திலோ காலிலோ வாலிலோ கயிறு கட்டி வண்டியால் இழுப்பது எலும்பையும் நரம்பையும் குலைக்கும். பிரிட்டனில் விலங்கு மீட்பில் பயிற்சிபெற்ற தீயணைப்புக் குழுவினர் அகன்ற பட்டைகளை உடலைச் சுற்றிக் கொடுத்தே இழுக்கிறார்கள். அவர்கள் வரும்வரை காத்திருப்பதே மேல்.

வேட்டைநாளில்

நாய்களின் குரலும் ஐம்பது அறுபது குதிரைகளின் பரபரப்பும் சேர்ந்தால் கோடையில் கற்றதெல்லாம் மறந்ததுபோலத் தோன்றும். முதல் பருவத்தில் இளங்குதிரையின் வாலில் பச்சை நாடா கட்டுவது வழக்கம். உதைக்கும் குதிரைக்குச் சிவப்பு. துறையில் நிதானமான குதிரை ஒன்றின் பின்னால் இடம் பிடித்து, முன்னே செல்வது கரையேறும்வரை இடைவெளி விட்டு இறங்க வேண்டும். மறுத்து நின்றால் வழியை அடைத்துக்கொண்டு போராடாமல் ஒதுங்கி, மற்றவர்களை விட்டு, கடைசிக் குதிரையோடு சேர்ந்து போகலாம்.

நாய்கள் நீரில் இருக்கும்போது குதிரை இறங்கக் கூடாது. அவை பக்கத்தில் கடந்தால் குதிரையின் தலையை அவற்றின் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். அப்போது பின்னங்காலால் உதைக்க முடியாது. தலைமை வேட்டைக்காரர் நாய்க்குரல் எத்திசையில் என்று செவிகொடுக்கக் கூட்டம் முழுவதும் துறை நடுவிலேயே நின்றுவிடுவதுண்டு. நீரில் நிற்கப் பழகிய குதிரையின் அருமை அங்கேதான் தெரியும். கடந்து முடித்தவர் பின்னால் வருபவர் கரையேறும்வரை நின்று காத்திருப்பது எழுதப்படாத கடமை. முன்னே போன குதிரைகள் பாய்ந்து மறைந்துவிட்டால், நடுநீரில் உள்ள இளங்குதிரை தனித்துவிடப்பட்டதாக அஞ்சி எப்படியாவது வெளியேற முண்டும். பெரும்பாலான வீழ்ச்சிகள் அப்படித்தான் நேர்கின்றன.

திரும்பிய பின்

உளையும் சரளையும் லாடத்தைத் தளர்த்தவோ உருவவோ செய்யும். கரையேறியதுமே நடையில் ஒலி மாறுகிறதா என்று செவிமடுக்கலாம். வீடு திரும்பியதும் நான்கு குளம்புகளையும் தூக்கி, பிளவில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீரில் பட்ட வெட்டுக்காயம் குளிரால் உடனே வலிக்காது, மயிருக்குள் மறைந்தும் இருக்கும். கையை முழங்காலிலிருந்து குதிகால்வரை அழுத்தித் தடவினால்தான் அகப்படும்.

நெடுநேரம் ஈரமாக இருக்கும் தோல் ஊறி மென்மையாகி, டெர்மட்டோஃபிலஸ் காங்கோலென்சிஸ் என்ற பாக்டீரியா உள்ளே புக இடம்கொடுக்கிறது. சேற்றுப்புண் எனப்படும் இந்த நோயில் கணுக்காலின் பின்புறம் பொருக்கு தட்டி, வெடித்து, நொண்டல்வரை போகும். வெள்ளைக்கால் குதிரைகளுக்கு இது எளிதில் வரும். ஈரச்சேற்றைத் தேய்த்துத் தோலைச் சிராய்ப்பதைவிட, காயவிட்டுத் தூரிகையால் உதிர்ப்பது நல்லது. கழுவியே ஆக வேண்டுமானால் துண்டால் ஒற்றி முழுவதும் உலர்த்திய பிறகே கொட்டிலில் விட வேண்டும். மறுநாள் காலையில் குதிகால் மடிப்பை விரலால் தடவிப் பார்த்து, சூடோ பொருக்கோ தட்டுப்பட்டால் அது ஆறும்வரை அந்தக் குதிரையை நீரில் இறக்காமல் வைத்து, இரண்டு நாளில் குறையாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.